கடைக் கட்டடத்தில் அஸ்பெஸ்டஸ்: விட்டுவைப்பதா, மூடுவதா, கழற்றுவதா?

பிரிட்டனில் 2000ஆம் ஆண்டுக்கு முன் கட்டிய கடை, கிடங்கு, பெட்ரோல் நிலையம், மண்டபம் எதுவானாலும், அதில் எங்காவது அஸ்பெஸ்டஸ் என்னும் கல்நார் இருக்கும் என்று எண்ணித் தொடங்குவதுதான் புத்தி. அதில் நீல வகையும் பழுப்பு வகையும் 1985இல் தடையாகின. வெள்ளை வகையை முழுவதுமாக நிறுத்தியது 1999 நவம்பரில். லண்டனில் ஈஸ்ட்ஹாம், டூட்டிங், ஹாரோ, வெம்பிளி என்று நம் ஆட்கள் கடை நடத்தும் தெருக்களில், அதற்குப் பின் கட்டிய கட்டடத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கடை வாங்கியவரோ லீஸ் எடுத்தவரோ, அஸ்பெஸ்டஸ் சர்வே ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் கேட்பது "இதைக் கழற்றி எறிய எவ்வளவு காசு முடியும்?" என்பதைத்தான். சட்டம் கேட்பது வேறு. எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது, யார் அதில் கைவைக்கக்கூடும், அவர்களுக்குச் சொல்லியாயிற்றா என்றுதான் அது கேட்கிறது. இதற்கெல்லாம் பதில் வைத்துக்கொண்டு அப்படியே விட்டுவைக்கலாம். பூசியோ அடைத்தோ மூடலாம். ஆட்களை அமர்த்திக் கழற்றலாம். முறைப்படி செய்தால் மூன்றும் சட்டத்துக்கு உட்பட்டவைதான். எதைத் தேர்வது என்பதை முடிவு செய்ய, அந்தச் சுவரை அல்லது சீலிங்கை அடுத்து எப்போது உடைக்கப்போகிறீர்கள் என்று யோசியுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான விஷயங்களில் அந்தத் தேதியே பதிலைச் சொல்லிவிடுகிறது.

ஊர்ப் பழக்கம் ஒன்றும் இடையில் நுழைகிறது. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ அஸ்பெஸ்டஸ் சீற் கூரைக்குக் கீழே வளர்ந்தவருக்கு, "அதுக்குள்ளதானே இவ்வளவு காலமும் இருந்தனாங்கள், என்ன நடந்தது?" என்று கேட்கத் தோன்றும். இலங்கையே 2018 தொடக்கம் அஸ்பெஸ்டஸைக் கட்டுப்படுத்தப் போவதாக அறிவித்திருந்தது. 2017 டிசம்பரில், பொதியில் வண்டு கண்டதாகச் சொல்லி ரஷ்யா தேயிலையை நிறுத்தி வைத்தது. அதோடு இலங்கையும் அந்த முடிவைத் தள்ளிப்போட்டது. வெள்ளை அஸ்பெஸ்டஸ் பெருமளவில் ஏற்றுமதியாவது எங்கிருந்து என்று தெரிந்தவர்களுக்கு அதில் வியப்பு இருந்திராது. ஆனால் சீமெந்துக்குள் இறுகிக் கிடக்கும் வெள்ளை நாரும், லண்டன் கடையின் பின்னறைச் சீலிங்கில் இருக்கும் பழுப்பு நாரும் ஒரே ஆபத்து அல்ல. முன்பு அஸ்பெஸ்டஸோடு புழங்கியதால் வந்த நோய்களில் பிரிட்டனில் இன்றும் ஆண்டுக்குச் சுமார் 5,000 பேர் இறக்கிறார்கள் என்கிறது சுகாதார, பாதுகாப்பு நிர்வாகமான எச்எஸ்ஈ. மூச்சோடு உள்ளே போன நார் நோயாக வெளிவர முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட ஆகும். இன்று ஒன்றும் நடக்கவில்லை என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பொறுப்பு யார் தலையில்?

2012ஆம் ஆண்டின் அஸ்பெஸ்டஸ் கட்டுப்பாட்டு விதிகளில் 4ஆவது விதிதான் இங்கே அச்சாணி. வீடல்லாத கட்டடங்களில் அஸ்பெஸ்டஸை நிர்வகிக்கும் கடமையை அது சொல்கிறது. இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்துக்கு இது பொருந்தும். வட அயர்லாந்துக்குத் தனி விதிகள் உண்டு, உள்ளடக்கம் கிட்டத்தட்ட ஒன்றுதான். கடமையும் புதிதல்ல, 2004 முதலே நடைமுறையில் இருக்கிறது.

"கட்டடம் அவருடையது, அவர் பார்க்கட்டும்" என்று கடைக்காரர் சொல்வார். "கடை அவர் கையில், நான் என்ன செய்ய?" என்பார் சொந்தக்காரர். பத்திரத்தில் யார் பெயர் இருக்கிறது என்பதைச் சட்டம் முதலில் பார்ப்பதில்லை. ஒப்பந்தத்தின்படியோ லீஸின்படியோ பராமரிப்பும் பழுதுபார்ப்பும் யாருடைய வேலை என்றுதான் பார்க்கும். அப்படி எழுத்தில் எதுவும் இல்லையென்றால், கட்டடம் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. முழுப் பழுதுபார்ப்பும் இன்சூரன்ஸும் குத்தகைக்காரர் தலையில் என்று எழுதிய லீஸில் கையெழுத்துப் போட்டவர், வாடகைக்குத்தானே இருக்கிறேன் என்று ஒதுங்க முடியாது. கூரையும் வெளிச்சுவரும் சொந்தக்காரருக்கு, உள்ளே எல்லாம் கடைக்காரருக்கு என்று பிரித்திருந்தால் இருவரும் பொறுப்பாளர்கள். செலவில் யார் பங்கு எவ்வளவு என்பதும் அவரவர் பழுதுபார்க்கும் கடமையின் அளவைப் பொறுத்தது. கடை காலியாகிச் சாவி திரும்பி வந்தால் பொறுப்பும் அதோடு சொந்தக்காரரிடம் வந்துவிடும்.

கடைக்கு மேலே பிளாட் இருந்தால் ஒரு நெளிவு உண்டு. பிளாட்டின் உட்புறம் இந்த விதிக்குள் வராது. அதற்கு ஏறும் பொதுப் படிக்கட்டும் நடையும் வரும். பழைய கட்டடங்களில் படிக்கட்டுக்கு அடியில் மீட்டர்களை அடைத்திருக்கும் பலகையை ஒருமுறை தட்டிப் பாருங்கள் என்று சொல்ல வந்தேன். வேண்டாம், பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய தேவாலயத்தையோ சமூக மண்டபத்தையோ வாங்கிக் கோயிலாக்கிய அறக்கட்டளைகளுக்கும் இதே விதிதான். அங்கே பொறுப்பு ட்ரஸ்டிகளுடையது. திருவிழாவுக்கு முதல்நாள் இரவு தொண்டர்கள் ஏணி வைத்து, சரவிளக்குக் கட்டக் கொக்கி அடிக்கும் சீலிங் எதனால் ஆனது என்று யாராவது முன்பே கேட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று, பொறுப்பாளரோடு ஒத்துழைக்க வேண்டும் என்று மற்ற எல்லோரையும் சட்டம் கட்டுகிறது. பழைய சர்வேயை அலமாரியில் வைத்துக்கொண்டு தர மறுக்கும் சொந்தக்காரரிடம் இதைச் சொல்லிக் கேட்கலாம். மேனேஜிங் ஏஜென்டை அமர்த்தி வேலையை ஒப்படைக்கலாம், அதனால் கடமை உங்களை விட்டுப் போய்விடாது.

சர்வே எடுக்காமல் சமாளிக்க முடியுமா?

முடியும். அஸ்பெஸ்டஸ் இல்லை என்பதற்கு வலுவான ஆதாரம் இல்லாத எந்தப் பொருளையும் அஸ்பெஸ்டஸ் என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்கிறது சட்டம். அதையே ஒரு வழியாகவும் எடுத்துக்கொள்ளலாம். பின்பக்க ஷெட்டில் சாம்பல் நிற நெளிகூரை மட்டும்தான் சந்தேகத்துக்குரியது என்றால், அதைச் சோதித்து உறுதிசெய்யச் செலவழிப்பதில் அர்த்தமில்லை. எங்கே என்ன அஸ்பெஸ்டஸ் இருக்கிறது என்று குறித்துவைக்கும் ரெஜிஸ்டரில் அஸ்பெஸ்டஸ் சீமெந்து என்று எழுதிவிட்டு, அப்படியே நடத்துங்கள்.

சீலிங்கும் தடுப்புச் சுவரும் குழாயும் உள்ள கடைக்கு இந்த வழி கட்டுப்படியாகாது. கேமரா மாட்ட வருபவர் ஒரு துளை போடுவதற்கும் அஸ்பெஸ்டஸுக்கு உரிய முழு ஏற்பாடும் தேவைப்படும். சின்னக் கடைக்கு, சுவரை உடைக்காமல் எடுக்கும் நிர்வாக சர்வே சில நூறு பவுண்டில் முடியும். மூன்று வழிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தேவையான தகவல் அதில்தான் வரும். அதனால் இந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீர்கள். சோதனை நிறுவனங்களுக்கு அங்கீகாரம் தரும் யூகாஸ் அமைப்பின் அங்கீகாரம் உள்ள நிறுவனத்தைப் பிடியுங்கள். சர்வேயர் வேலை செய்வதைக் கூட நின்று பார்த்தாலும் நல்லது. பொருளின் மேல் தண்ணீர் தெளித்து நனைப்பார். நாணயம் அளவுக்கு ஒரு சில்லை எடுத்து இரண்டு பைகளுக்குள் போட்டு மூடுவார். எடுத்த இடத்தை அடைத்து, எண் எழுதிய ஸ்டிக்கர் ஒட்டுவார். நனைக்காமல் கிள்ளி எடுக்கும் ஆளாக இருந்தால் அவருடைய ரிப்போர்ட்டையும் அந்த அளவுக்கே நம்பலாம்.

ரிப்போர்ட் வந்ததும் எல்லோரும் படங்களைப் புரட்டுவார்கள். நான் முதலில் தேடுவது, சர்வேயர் நுழைய முடியாத இடங்களின் பட்டியலை. நிலவறைச் சாவி கிடைக்கவில்லை, சீலிங்குக்கு மேலே ஏற வழியில்லை, ஃப்ரீஸருக்குப் பின்னால் பார்க்க முடியவில்லை என்று இருக்கும். அந்த இடங்களிலெல்லாம் அஸ்பெஸ்டஸ் உண்டு என்றே கொள்ள வேண்டும். பட்டியல் நீளமாக இருந்தால் கொடுத்த காசுக்குப் பாதி சர்வேதான் கிடைத்திருக்கிறது. சாவியைத் தேடி எடுத்து, ஆளைத் திரும்ப வரச்சொல்லுங்கள்.

கடையை உடைத்துப் புதுப்பிக்கும் எண்ணம் இருந்தால் நிர்வாக சர்வே போதாது. வேலை நடக்கப்போகும் இடத்தில் சுவரையும் தரையையும் திறந்து பார்க்கும் புதுப்பிப்பு சர்வே வேண்டும். பழைய நிர்வாக சர்வேயை, கடையின் உட்புறத்தை அமைத்துத் தரும் ஷாப்ஃபிட்டர் கையில் கொடுத்துவிட்டு எல்லாம் அதில் இருக்கிறது என்று சொல்வது அடிக்கடி நடக்கும் தவறு. சுவருக்குள் இருப்பது அதில் இருக்காது.

ஒரு கடை, நான்கு மதிப்பெண்கள்

உதாரணத்துக்கு 1960களில் கட்டிய ஒரு கடை என்று வைத்துக்கொள்வோம். கீழே மளிகை, மேலே பிளாட், பின்னால் ஸ்டோர், அடியில் நிலவறை. ஸ்டோர் சீலிங்கில் ஏஐபி என்று தொழிலில் சொல்லும் அஸ்பெஸ்டஸ் காப்புப் பலகை. நிலவறையில் பழைய கொதிகலன் குழாயைச் சுற்றிய உறை. பின்கூரையில் சீமெந்து சீற். கடைத் தரையில் கார்ப்பெட்டுக்கு அடியில் வினைல் டைல்.

சர்வேயர் ஒவ்வொன்றையும் நான்கு கோணங்களில் மதிப்பிடுவார்: என்ன வகைப் பொருள், எவ்வளவு சேதம், மேற்பரப்பு மூடியிருக்கிறதா, எந்த நிற நார். கூட்டுத்தொகை 10ஐத் தொட்டால் ஆபத்து அதிகம், 7 முதல் 9 வரை நடுத்தரம், 5, 6 குறைவு, 4க்குள் மிகக் குறைவு.

ஏஐபி சீலிங்கின் வகைக்கு 2. ஓரங்கள் கொஞ்சம் உடைந்திருப்பதற்கு 1. வண்ணம் பூசாமல் வெறுமையாக இருப்பதற்கு 2. பழுப்பு நாருக்கு 2. மொத்தம் 7, நடுத்தரம். அதே பலகைக்கு மேலே நன்றாக வண்ணம் பூசியிருந்தால் மேற்பரப்புக்கு 1தான் வரும், மொத்தம் 6 ஆகிக் குறைவு என்ற வரிசைக்கு இறங்கிவிடும். நிலவறைக் குழாய் உறைக்கு வகையிலேயே 3. துணி கிழிந்து உள்ளிருப்பது தெரிந்தால் மேற்பரப்புக்கு 3, சேதத்துக்கு 2, பழுப்பு நாருக்கு 2. மொத்தம் 10. பின்கூரையின் சீற்றுக்கு வகை 1, சேதம் 1, மேற்பரப்பு 1, வெள்ளை நாருக்கு 1, மொத்தம் 4. வினைல் டைல் அதைவிடக் கீழே.

மதிப்பெண் பொருளைப் பற்றி மட்டுமே பேசும். அந்த இடத்தில் யார் நடமாடுகிறார்கள், என்ன இடிபடுகிறது என்பதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். மேலே வரைக்கும் அரிசி மூட்டை அடுக்கி, பையன்கள் தலைச்சுமையாகத் தூக்கிப்போகும் ஸ்டோரில் 6 வாங்கிய சீலிங், யாரும் போகாத அறையில் 7 வாங்கியதைவிட மோசம்.

விட்டுவைப்பது

நல்ல நிலையில் உள்ள, யாரும் இடிக்காத பொருளுக்கு இதுவே முதல் தேர்வு. எச்எஸ்ஈயின் வழிகாட்டுதலும் இதுதான். உடையாத பலகையிலிருந்து நார் பறப்பதில்லை, கழற்றும்போதுதான் பறக்கும்.

விட்டுவைப்பது என்றால் மறந்துவிடுவது அல்ல. ரெஜிஸ்டர் வேண்டும், எழுத்தில் நிர்வாகத் திட்டம் வேண்டும். இரண்டுக்கும் எச்எஸ்ஈயின் இணையதளத்தில் இலவசமாக மாதிரிப் படிவம் கிடைக்கிறது. அதை நிரப்பித் தருவதற்கென்றே தனிக் கட்டணம் கேட்கும் ஆலோசகர்கள் உண்டு, ஒற்றைக் கடைக்கு அவர்கள் தேவையில்லை. ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஒவ்வொரு பொருளையும் நேரில் பார்த்து, அதே கோணத்தில் படம் எடுத்து, தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். மூட்டை இடிக்கும் இடமென்றால் இன்னும் அடிக்கடி.

இந்த வழி தோற்பது சொல்லவேண்டியவரிடம் சொல்லாமல் விடும்போதுதான். ரெஜிஸ்டர் கணக்காளர் அலுவலகத்தில் பத்திரமாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கவுண்டரில் நிற்கும் பையனுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. இன்டர்நெட் கம்பி இழுக்க வந்தவர் ஏணியை விரித்துச் சீலிங்கைத் துளைத்துக் கொண்டிருப்பார். ரெஜிஸ்டரின் நகல் மின்மீட்டருக்குப் பக்கத்தில் தொங்க வேண்டும். ஏணியோ டிரில்லோ கொண்டு வருபவர் அதைப் படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும். கடையில் வேலை செய்யும் எல்லோருக்கும் இந்த ஒரு விதி தெரிந்திருந்தால் போதும், நாரின் நிறம் தெரிய வேண்டியதில்லை.

இதன் குறை, செலவு சிறிதானாலும் முடிவே இல்லை என்பது. பொறுப்பாகப் பார்த்தவர் கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டு ஓய்வுக்குப் போனால் பழக்கமும் அவரோடு போய்விடும்.

மூடுவது

இதில் இரண்டு விதம். ஒன்று, அதற்கென்று உள்ள பூச்சை மேலே பூசி நாரைக் கட்டிப்போடுவது. இன்னொன்று, பலகை வைத்து அடைப்பது. முதலாவதை நான் நம்புகிறேன், இரண்டாவதில் எனக்குத் தயக்கம்.

உடையாத ஏஐபிக்குப் பூச்சு நல்ல பலன் தரும் என்பதை மேலே கண்ட 7, 6 கணக்கே காட்டுகிறது. பூசுவதற்கு முன் மணற்காகிதம் போடுவது மட்டும் கூடவே கூடாது. வழக்கமான பெயின்டர் முதலில் செய்வது அதைத்தான் என்பதால், முறை தெரிந்த ஆளைப் பிடிக்க வேண்டும். கிழிந்த குழாய் உறையை மூடிப் பூசுவது இதே வகை வேலை போலத் தோன்றும். ஆனால் உறையில் பெரும்பாலும் எந்த வேலைக்கும் உரிமம் பெற்ற நிறுவனம் வேண்டும்.

அடைப்பதில் சிக்கல் எங்கே என்றால், கண்ணில் படாதது நினைவிலிருந்தும் போய்விடுகிறது. ஷாப்ஃபிட்டர்களுக்குப் பிடித்த வேலை ஒன்று உண்டு: பழைய ஏஐபி சீலிங்குக்குக் கீழே புதுத் தொங்கு சீலிங். பார்க்க அழகு, வேலையும் சீக்கிரம் முடியும். தொங்கவிடும் கம்பிகளைப் பழைய பலகை வழியாகத் துளைத்தார்கள் என்றால் ஆபத்து அன்றே தொடங்கிவிட்டது. பத்து ஆண்டு கழித்து ஏர்கண்டிஷனர் போட வருபவர் புதுச் சீலிங்கின் டைலை விலக்கித் தலையை உள்ளே விடும்போது, மேலே இருப்பது என்னவென்று அவருக்குச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். பிறகு கழற்ற வேண்டி வந்தால் இரண்டு சீலிங்குக்கும் சேர்த்துச் செலவு. அடைத்தே தீர வேண்டுமென்றால் அடைப்பின் மேலேயே எச்சரிக்கை ஸ்டிக்கர் இருக்க வேண்டும், ரெஜிஸ்டரிலும் பொருள் தொடர்ந்து இருக்க வேண்டும். தரை டைலுக்கு மட்டும் இந்தத் தயக்கம் வேண்டாம். மேலே புதுத் தரை விரித்து, கீழே என்ன இருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டால் போதும். ஆர்டெக்ஸ் என்னும் சொரசொரப்பான பூச்சுள்ள சுவரும் அப்படித்தான்.

கழற்றுவது

ஏஐபி, குழாய் உறை, தெளித்துப் பூசிய காப்பு மூன்றும் பெரும்பாலும் எச்எஸ்ஈ உரிமம் பெற்ற நிறுவனங்கள் மட்டுமே தொடக்கூடியவை. வேலைக்கு 14 நாள் முன்பே அதிகாரிகளுக்கு அவர்கள் அறிவிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை முடிவெடுத்துத் திங்கட்கிழமை கழற்றும் வேலை அல்ல. நாளைக்கே வருகிறேன் என்று சொல்லும் ஆளிடம் உரிமம் இருக்காது.

வேலையைப் பார்த்தால் செலவு ஏன் ஆயிரங்களில் ஓடுகிறது என்று விளங்கும். அறையைப் பொலித்தீன் கூடாரமாக்கி, உள்ளிருக்கும் காற்று வெளியே கசியாதபடி விசிறி வைத்து இழுப்பார்கள். வேலையாட்கள் வெளியேற மூன்று தடுப்புகள். தெருவில் ஷவர் வண்டி ஒன்று நிற்கும்: அழுக்கு அறை, குளியலறை, சுத்தமான அறை. அதை நிறுத்தக் கடைவாசலில் இடம் கிடைக்காமல் கவுன்சிலிடம் சொல்லி, மற்ற வண்டிகள் அங்கே நிற்காதபடி பார்க்கிங்கை நிறுத்திவைக்க அனுமதி வாங்க வேண்டியிருப்பதைப் பல விலைமதிப்புகள் சொல்வதில்லை. கேட்டு எழுதி வாங்குங்கள். முடிந்ததும் நான்கு கட்டச் சோதனை. அதில் மூன்றாவது கட்டத்தில் ஆய்வாளர் கூடாரத்துக்குள் தரையையும் மேற்பரப்புகளையும் துடைப்பத்தால் கிளறிவிட்டு, தூசி எழும்பிய காற்றைத்தான் அளப்பார். ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.01 நாருக்குக் கீழே இருந்தால்தான் சான்றிதழ் பக்கம் போக முடியும். இந்த ஆய்வாளரை நீங்களே நேரடியாக அமர்த்துங்கள். கழற்றும் நிறுவனமே தன் வேலைக்கு மதிப்பெண் போடும் ஆளையும் கூட்டிவருவது நல்ல ஏற்பாடு அல்ல. கழிவு எங்கே போனது என்று காட்டும் அனுப்பீட்டுச் சீட்டையும், மறுபடி உள்ளே போகலாம் என்ற சான்றிதழையும் வாங்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.

பகலில் வியாபாரம், இரவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றல் என்ற யோசனை எல்லாக் கடைக்காரருக்கும் வரும். மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சருக்கும் வந்தது. ரெடிங் கிளையைப் புதுப்பித்தபோது கழற்றுவதற்குப் போதிய நேரமும் இடமும் ஒதுக்காமல், கடைத்தளத்தில் இரவில் கூடாரம் போட்டு, காலையில் கடை திறப்பதற்குள் சிறு சிறு பகுதியாக முடிக்கச் சொன்னார்கள். 2011இல் நீதிமன்றம் விதித்த அபராதம் 10 லட்சம் பவுண்டு, வழக்குச் செலவு வேறு 6 லட்சம். சின்னக் கடைக்கு அபராதம் அந்த அளவுக்குப் போகாதுதான். ஆனால் சட்டத்தில் அபராதத்துக்கு உச்சவரம்பு இல்லை, இரண்டு ஆண்டு வரை சிறையும் உண்டு.

எந்த இடத்துக்கு எது?

நம் உதாரணக் கடைக்கு வருவோம். நிலவறை உறையில் யோசிக்க ஒன்றுமில்லை. கிழிந்து 10 வாங்கியிருக்கிறது, ஃப்ரீஸர் கம்ப்ரசர் பார்க்க ஆட்கள் இறங்குகிறார்கள். கதவைப் பூட்டுங்கள், கழற்றுங்கள். கொதிகலன் பயன்பாட்டில் இல்லையென்றால் குழாயோடு வெட்டி எடுத்துப் போய்விடலாம், வேலை சுருங்கும்.

கூரையைக் கழற்ற அவசரப்பட வேண்டாம். சீமெந்து சீற்றுக்குப் பொதுவாக உரிமம் தேவையில்லை. பயிற்சி பெற்ற ஆட்கள் நனைத்து, உடைக்காமல் முழுச் சீற்றாக இறக்கினால் சரி. அதுவும் ஆபத்தான கழிவுதான், ஸ்கிப் என்னும் பெரிய குப்பைத் தொட்டியில் போட முடியாது. ஒழுகாத வரை விட்டுவையுங்கள். பாசியை உயர் அழுத்தத் தண்ணீரால் அடித்துக் கழுவ விடாதீர்கள், மேற்பரப்பு கரைந்து நார் வெளிவரும். கூரை மேல் யாரையும் ஏற விடாதீர்கள். பழைய சீற் மனிதர் எடையைத் தாங்காது. நாரால் நோய் வர நாற்பது ஆண்டு, கீழே விழ ஒரு நொடி. பக்கத்தில் சமையல் கூடமோ கேஸ் சிலிண்டர் குவியலோ இருந்தால் மட்டும் என் கணக்கு மாறும். தீயில் இந்தச் சீற் வெடித்துச் சிதறித் தெரு முழுக்கப் பரவும். அந்தத் துப்புரவுச் செலவோடு பார்த்தால் முன்பே மாற்றுவது மலிவு.

ஸ்டோர் சீலிங்தான் உண்மையில் யோசிக்க வேண்டியது. ஐந்து ஆண்டுக்குள் கடையைப் புதுப்பிக்கும் திட்டம் இருந்தால், உடைந்த ஓரங்களை இப்போது சரிசெய்து பூசி மூடிவிட்டு, புதுப்பிக்க எப்படியும் கடை பூட்டும் வாரத்தில் கழற்றுங்கள். இரண்டு தடவை கடை பூட்டும் நட்டம் மிச்சம். புதுப்பிக்கும் எண்ணமே இல்லை, மூட்டையை மட்டும் தாழ அடுக்கலாம் என்றால் பூச்சோடு நிறுத்திக்கொள்ளலாம். மூட்டை இடிப்பதைத் தடுக்க முடியாத ஸ்டோர் என்றால் பூச்சுக்குக் காசு போடாமல் நேரே கழற்றுவதற்குப் போங்கள்.

"எப்படியும் சட்டம் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லப்போகிறது, இப்போதே செய்துவிடுங்கள்" என்று விற்பவர்களிடம் கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும். 40 ஆண்டுக்குள் வீடல்லாத கட்டடங்கள் எல்லாவற்றிலிருந்தும் அஸ்பெஸ்டஸை நீக்கும் கெடு வேண்டும் என்று 2022 ஏப்ரலில் நாடாளுமன்றக் குழு ஒன்று பரிந்துரைத்தது உண்மை. அரசாங்கம் அதை ஏற்கவில்லை.

காசும் காகிதமும்

கட்டடம் கம்பெனி பெயரில் இருந்தால் கழற்றுவதற்கு முன் கணக்காளரிடம் நில மீட்பு வரிச்சலுகையைப் பற்றிக் கேளுங்கள். தகுதியான செலவில் 150 சதவீதத்தைக் கார்ப்பரேஷன் வரிக் கணக்கில் கழிக்க அது வழி தருகிறது. வாங்கும்போதே கட்டடத்தில் அஸ்பெஸ்டஸ் இருந்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனைகள் உண்டு. தனிநபர் பெயரில் இருந்தால் இந்தச் சலுகை கிடையாது. நம் ஆட்கள் பலர் இதைக் கோராமலே விடுகிறார்கள். இன்சூரன்ஸ் பக்கம் அதிகம் நம்ப வேண்டாம், பல பாலிசிகள் அஸ்பெஸ்டஸை விலக்கித்தான் எழுதியிருக்கும்.

விற்கும்போது வாங்குபவரின் வழக்கறிஞர் அஸ்பெஸ்டஸ் ஆவணங்களைக் கேட்பார். ஆண்டுதோறும் கையெழுத்துப் போட்ட ரெஜிஸ்டரைக் கொடுத்தால் பேச்சு அதோடு முடியும். ஒன்றும் இல்லையென்றால் கழற்றும் செலவைப் பெரிதாக மதிப்பிட்டு விலையில் குறைப்பார்கள். விற்பதற்கென்றே எல்லாவற்றையும் கழற்றுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். வாங்குபவர் எப்படியும் உட்புறத்தை இடித்துத்தான் கட்டுவார்.

லீஸ் எடுப்பவர் நிலைமை வேறு. முழுப் பழுதுபார்ப்பு லீஸில் கையெழுத்துப் போடும் முன் சொந்தக்காரரிடம் சர்வேயைக் கேளுங்கள். இல்லையென்றால் எடுத்துத் தரச் சொல்லுங்கள். இருக்கும் அஸ்பெஸ்டஸைப் பட்டியலிட்டு, அதை நீக்கும் செலவு குத்தகைக்காரருடையது அல்ல என்று ஒரு வரி சேர்க்க வழக்கறிஞரிடம் சொல்லுங்கள். சொந்தக்காரர் மறுத்தால், வாடகையில்லாக் காலத்தை நீட்டித் தரச்சொல்லிப் பேரம் பேச அதுவே காரணமாகும். கையெழுத்துப் போட்ட பிறகு இரண்டையும் கேட்க முடியாது.